ஆறு காலு, கறுப்பு ஸ்டாண்டு

கடைசியா என் வீட்டுக்காரிய உயிரோட பாத்தப்ப அவ கேட்டது ஸ்டாண்டப் பத்தி சார். சத்தியமா! ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்துல மனுஷன் கால் கடுக்க நிக்கறேன். சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களான்னு ஒரு வார்த்தை இல்ல. "ஸ்டாண்டு வாங்கிட்டீங்களா?"ங்கறா. முப்பத்தஞ்சு வருஷம் கூட இருந்தவ. கடைசியா விசாரிச்சது எதை? மீன் தொட்டி வைக்கற ஸ்டாண்ட! அதனால ஸ்டாண்டு விஷயத்துல நான் ஒண்ணு சொன்னா கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க. இப்ப டேப்பு வச்சு அளந்துட்டிருக்கீங்களே, இந்தக் கறுப்பு ஸ்டாண்டு... வேணாம். விட்டுடுங்க.

இல்ல இல்ல, நான் கடை ஆளு இல்ல. கடைக்காரம்மா அதோ பின்னாடி யாருக்கோ வலை போட்டு மீன் பிடிச்சுக் குடுத்துட்டிருக்காங்க. நான் வாடிக்கைக்காரன். அதாவது... வாடிக்கையா வர்றவன். பதினாலு மாசமா வாராவாரம் வர்றேன், இந்த ஸ்டூல்ல உக்கார்றேன், இருக்கற எல்லாத்துக்கும் ஒரு குறை சொல்றேன், ஒண்ணும் வாங்காம எந்திரிச்சுப் போறேன். அந்தம்மா பாவம், பொறுமைசாலி. மத்த கடையா இருந்தா ஸ்டூலைத் தூக்கி உள்ள வச்சிருப்பாங்க.

சாருக்கு எங்க வைக்கணும், வீட்லயா? ...கிளினிக்லயா! டாக்டரா நீங்க? ...பல் டாக்டரா! அட, நல்ல யோசனை டாக்டர். வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கறவன் பயந்துபோய் இருப்பான். எதிர்ல மீன் வாயத் திறந்து திறந்து மூடிக்கிட்டிருந்தா அவனுக்கும் ஒரு பயிற்சி ஆயிடும். இல்லையா? ...சிரிங்க, சிரிங்க. உங்ககிட்ட வர்றவன்தான் வாயத் திறந்து வச்சுட்டுப் பேச முடியாமக் கிடப்பான். இன்னிக்கு ஒரு நாள் நீங்க அப்படி இருங்க. வலிக்காது.

நல்ல தண்ணி மீன்தானே வளக்கப் போறீங்க? கடல் மீன் கிடல் மீன்னு யாராவது ஆசை காட்டினா போயிடாதீங்க, அதுக்கு உப்பு கலக்கறதுக்கே தனியா ஒரு ஆள் போடணும். நல்ல தண்ணி, நாலடித் தொட்டி. அது சரிதான். சின்னத் தொட்டி வாங்கினா சுலபம்னு நினைப்பாங்க. கிடையாது. சின்னத் தொட்டியில தண்ணி ரெண்டு நாள்ல கெட்டுப்போகும். பெருசுன்னா கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனா எல்லாரும் என்ன பண்றாங்க... கண்ணாடியப் பாக்கறாங்க, லைட்டப் பாக்கறாங்க, உள்ள வைக்கற பொம்மைக் கப்பலப் பாக்கறாங்க. கடைசியில, "ஆமா, இத எதுமேல வைக்கறது?"ன்னு கேக்கறாங்க. பொண்ணு பாத்து, தேதி குறிச்சு, பத்திரிகை அடிச்சப்புறம் மாப்பிள்ளை யாருன்னு கேக்கற மாதிரி!

முதல்ல எடை. நான் முப்பத்தொரு வருஷம் எடை மேடையில உக்காந்தவன் டாக்டர். லாரி எடை போடற இடம். லாரி சரக்கோட ஏறும், எழுதுவேன். இறக்கிட்டுக் காலியா ஏறும், எழுதுவேன். மொத்த எடை, காலி எடை, சரக்கு எடை. மூணையும் சீட்டுல போட்டுக் கிழிச்சுக் குடுக்கணும். டிரைவருங்க பண்ணாத தில்லுமுல்லு இல்ல. கிளீனர வண்டிக்குள்ள ஒளிச்சுப் படுக்க வச்சு எடை ஏத்துவான், இன்னொருத்தன் டேங்கு நிறையத் தண்ணி ரொப்பிட்டு வருவான். எங்கிட்ட நடக்காது. எஞ்சின் சத்தத்தை வச்சே ரெண்டு மூட்டை கூடவா குறையவான்னு சொல்லிடுவேன். வீட்லயும் அதே புத்திதான். அவ பை தூக்கிட்டு வந்தா, "நாலே கால் கிலோ"ம்பேன். "தெரியுதுல்ல, வாங்கி உள்ள வைக்கறது"ம்பா.

ஆக, நாலடி நீளம், ஒண்ணரை அடி அகலம், ரெண்டடி உயரம். தண்ணி மட்டும் முந்நூத்தி நாப்பது கிலோ. கண்ணாடி அறுபத்தஞ்சு. கீழ போடற கூழாங்கல்லு முப்பத்தஞ்சு. மொத்தம் நானூத்தி நாப்பது. ஆறு தடியனுங்க ஒருத்தன் மடியில ஒருத்தனா உக்காந்த கணக்கு. ராத்திரி பகல்னு எந்திரிக்கவே மாட்டானுங்க. அத்தனையையும் தாங்கணும். தாங்கினா மட்டும் போதாது, ஆடாம, ஒரு பக்கமாச் சரியாம தாங்கணும்.

அந்தக் கணக்குல இந்த ஸ்டாண்டப் பாருங்க. வெல்டிங்கப் பாத்தீங்களா? சும்மா ஒரு பொட்டு வச்சு விட்டிருக்கான். பெயின்டு கனமா இருக்கே, உள்ள துருவ மறைக்கத்தான். உயரமும் கூட. நடுவுல வேற ரெண்டு காலு, எதுக்கு? பெருக்கறதுக்கு இடைஞ்சல். அப்புறம் இந்தத் திருகு காலு... திருகினா ஏறும் இறங்கும்னு சொல்லுவாங்க, ஆறு மாசத்துல இறுகிப்போய் நிக்கும். அதோ மூலையில ஒரு பழுப்புக் கலர் இருக்கு பாருங்க, நாலு காலு, அதைப் பாருங்களேன். ...பிடிக்கலையா. ம்.

சரி, நான் இவ்வளவு பேசறேனே, என் வீட்டுத் தொட்டி என்ன ஆச்சுன்னு கேளுங்க. நீங்க கேக்கலைன்னாலும் சொல்லத்தான் போறேன்.

ஏழு வருஷம் முன்னாடி இதே கடையில அவ ஒரு மீன் வாங்கினா. ஆஸ்கார்னு பேரு. விரல் நீளம்தான், பாலித்தீன் பையில போட்டுக் குடுத்தாங்க. நான், "ரெண்டு கிராம் இருக்கும், இதுக்குப் போயி ஒரு ஆட்டோவா?"ன்னேன். அது என்னடான்னா ஒரு வருஷத்துல ஒரு சாண் ஆயிடுச்சு. சாப்பாடு, சாப்பாடு, சாப்பாடு! நேரத்துக்குப் போடலைன்னா மூலையில போயி முதுகக் காட்டிக்கிட்டு நிக்கும். சமாதானம் பண்ணணும். ஒரு வேலை கிடையாது, வீட்டை விட்டு நகர்றதும் கிடையாது. அவ அதுக்கு வீட்டோட மாப்பிள்ளைன்னு பேரு வச்சா. "மாப்பிள்ளை கோவமா இருக்காரு, யாரும் பேசாதீங்க"ம்பா. நானும் ரிட்டயராகி வீட்ல உக்காந்திருந்த நேரம். யாரைச் சொல்றான்னே பல தடவை எனக்குப் புரியாது.

மாப்பிள்ளை வளர வளர வீடு மாத்தினோம். முதல்ல கிண்ணம், அப்புறம் ரெண்டடி, அப்புறம் இந்தம்மாகிட்டயே நாலடித் தொட்டி. ஸ்டாண்டும் சேத்து வாங்கிடலாம்னா அவ. எனக்கு வந்துச்சு ரோஷம்! அம்பது டன் லாரிய எடை போட்டவனுக்கு ஒரு மீன் தொட்டிக்கு ஸ்டாண்டு பண்ணத் தெரியாதா? எடை மேடை ஆபீஸ்ல என் பழைய தேக்கு மேசைய ஏலத்துல எடுத்து வச்சிருந்தேன். நானே அறுத்தேன், நானே சட்டம் போட்டேன். யாருகிட்டயும் கத்துக்கல. கல்லு மாதிரி இருந்துச்சு. ஆனா எங்க வீட்டுத் தரை பால்கனிப் பக்கமா ஒரு விரக்கடை சரிவு. ஒரு கால் தரையில படாம லேசா ஆடுச்சு. கால்ல திருகு வைக்கணும், இல்ல ரப்பர் கட்டை கொடுக்கணும். நான் என்ன பண்ணேன் தெரியுமா?

எடைச் சீட்டு. எடைச் சீட்ட எட்டா மடிச்சு காலுக்கடியில சொருகிட்டேன்.

பழைய சீட்டு அஞ்சு கட்டு வீட்ல இருந்துச்சு. ஏன் இருந்துச்சுன்னு கேக்காதீங்க. சிலர் கோப்பை, ஷீல்டெல்லாம் வாங்கிட்டு ரிட்டயர் ஆவாங்க, நான் சீட்டோட ரிட்டயர் ஆனேன். கச்சிதமா உக்காந்துச்சு. ரசமட்டம் வச்சுப் பாத்தேன், குமிழி நட்ட நடுவுல! அவ குனிஞ்சு பாத்துட்டு, "என்னங்க இது, பேப்பரு?"ன்னா. "பேப்பர் இல்ல, கணக்கு"ன்னேன். "முப்பது வருஷம் ஒரு டிரைவரையும் நம்பாம சீட்டு எழுதினீங்க, இப்ப அந்தச் சீட்ட நம்பித் தொட்டிய வைக்கறீங்களே"ன்னா. அவளுக்கு வாய் ஜாஸ்தி. இப்ப எனக்கு இருக்கே, இது அவகிட்டேருந்து வந்ததுதான். அவ இருந்த வரைக்கும் நான் பேசினதே இல்ல டாக்டர். நம்ப மாட்டீங்க.

தொட்டின்னா வாராவாரம் தண்ணி மாத்தணும். பக்கெட்டு, டியூபுன்னு நாலு சொட்டு கீழ விழத்தான் செய்யும். அவ உடனே துணி போட்டுத் துடைச்சிடுவா, அதுவும் அந்த மூலைய ரெண்டு தடவை. சீட்டு நசுங்கினா நான் இன்னொண்ணு சொருகுவேன். ரெண்டு வருஷம் ஓடிச்சு. "திருகு கால் வச்ச இரும்பு ஸ்டாண்டு ஒண்ணு வாங்குங்க"ன்னு மாசத்துக்கு ஒரு தடவை சொல்லுவா. "பாக்கலாம்"பேன்.

அப்புறம் வயித்துல ஒரு கட்டின்னு ஆஸ்பத்திரியில சேத்தோம். சின்ன ஆபரேஷன்தான்னாங்க. போகும்போது ஆட்டோவுல ஒரு கால வச்சுக்கிட்டு சொல்றா, "நான் வர்றதுக்குள்ள ஸ்டாண்ட மாத்திடுங்க." சரின்னேன்.

மூணாம் நாள். அதுக்கு முந்தின நாள் நானே தண்ணி மாத்தினேன். அரை பக்கெட்டு அந்த மூலையில கொட்டிப்போச்சு. துடைச்சேனா? காஞ்சிடும்னு விட்டுட்டேன். காலையில விடியறப்ப டப்புன்னு ஒரு சத்தம். கூடத்துக்கு வந்தா கால் நனையுது. முந்நூத்தி நாப்பது லிட்டர் டாக்டர்! செருப்பு மிதந்து வருது. கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்து கதவத் தட்டறாரு. மாப்பிள்ளை சோபாவுக்கடியில வாலால தரையில அடிச்சுக்கிட்டுக் கிடக்கு. ஈரத் துண்டப் போட்டு அள்ளிக்கிட்டு ஓடினேன். துணி ஊற வைக்கற டப்புல தண்ணி ரொப்பி விட்டேன். அஞ்சு நிமிஷம் மல்லாந்தே கிடந்துச்சு. "டேய் டேய் டேய்"னு கத்தறேன், அதுக்கு என்னவோ தமிழ் தெரிஞ்ச மாதிரி. அப்புறம் ஒரு புரட்டு புரண்டு நேரா நின்னுச்சு.

பத்து மணிக்கு இந்தக் கடை திறந்ததும் வந்து நின்னேன். "என்ன கண்ணாடிய ஒட்டிக் குடுத்தீங்க? மனுஷன ஏமாத்தறீங்களா?"ன்னு ஒரே சத்தம். ஒரு மணி நேரம்! தெருவே வேடிக்கை பாத்துச்சு. இந்தம்மா ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க, "ஐயா, ஸ்டாண்டு மட்டமா நின்னுச்சா?" "எனக்கே எடை சொல்லித் தர்றீங்களா!"ன்னு அதுக்கும் சேத்துக் கத்தினேன்.

நான் அப்படிக் கத்திட்டு நிக்கறேனே, அப்ப என் சட்டைப் பையில என்ன இருந்துச்சு தெரியுமா? கூடத்தத் துடைக்கும்போது அந்தக் காலுக்கடியிலேருந்து எடுத்தது. சீட்டு. சீட்டு எங்க, கூழ். ஊறிக் கூழாகி, அந்தப் பக்கம் கால் இறங்கி, தொட்டி முறுக்கிக்கிட்டு, ஒட்டு விட்டுப்போச்சு. எனக்குத் தெரியும். கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே தெரியும். பையில வச்சுக்கிட்டுத்தான் அந்தம்மாவத் திட்டினேன். இன்னிக்கு வரைக்கும் அவங்ககிட்ட நான் சொன்னதில்ல. ஆனாலும் நான் வந்தா ஸ்டூல் போடறாங்க.

சாயங்காலம் நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில பாக்கற நேரம். போனேன். அப்பதான் கேட்டா, "ஸ்டாண்டு வாங்கிட்டீங்களா?"

என்ன சொல்றது? தொட்டி உடைஞ்சு மாப்பிள்ளை துணி டப்புல இருக்காருன்னா சொல்றது, வயித்துல தையல் போட்டுப் படுத்திருக்கறவகிட்ட? "வாங்கிட்டேன்"னேன். "நிஜமா?"ன்னா. "நிஜமா." "என்ன கலரு?" "கறுப்பு"ன்னேன். "எத்தனை காலு?" எனக்கு அன்னிக்கு எங்கேருந்து அவ்வளவு வந்துச்சோ, "ஆறு காலு, ஆறுலயும் திருகு, நாலடித் தொட்டிக்குக் கச்சிதம், மாப்பிள்ளை இப்ப கொஞ்சம் உயரமா நின்னு எல்லாரையும் மேலேருந்து பாக்கறாரு"ன்னு அடிச்சு விட்டேன். சிரிச்சா. வயித்தப் பிடிச்சுக்கிட்டு, "சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது"ன்னா. "இப்பவாவது உங்களுக்குப் புத்தி வந்துச்சே"ன்னா. நர்ஸ் வந்து நேரமாச்சு கிளம்புங்கன்னுட்டாங்க. மறுநாள் நான் போறதுக்குள்ள... ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போயிடுச்சுன்னாங்க.

அன்னிக்கு இங்க நின்னு கத்தின ஒரு மணி நேரத்துல ஒரு ஸ்டாண்டு வாங்கியிருந்தா நான் அவகிட்ட சொன்னது பொய்யே இல்ல. இந்தக் கடையில அன்னிக்கும் ஸ்டாண்டு இருந்துச்சு. நான் கத்தினது எதுமேல கைய ஊனிக்கிட்டுன்னு நினைக்கறீங்க? ஒரு ஸ்டாண்டு மேல!

...ஆர்டர் குடுத்துச் செஞ்சிருக்கலாமேன்னு பாக்கறீங்க. மூணு வாரத்துல செஞ்சு தர்றேன்னு இந்தம்மாவும் சொன்னாங்க. ஆனா பாருங்க, நான் சொன்ன பொய்ய நானே ஒரு வெல்டர்கிட்ட வரைஞ்சு காட்டி, "இப்படி ஒண்ணு பண்ணிக் குடுப்பா"ன்னா... நல்லாவா இருக்கும்? அது தானா கடையில வந்து நிக்கணும், நான் பாத்து வாங்கணும். அப்பதான் நான் சொன்னதுல கொஞ்சமாவது உண்மை இருந்த மாதிரின்னு ஒரு கிறுக்குத்தனம். பழுப்பு வந்துச்சு, வேணாம்னேன். நாலு காலு வந்துச்சு, வேணாம். மரம் வந்துச்சு, ஐயோ வேணவே வேணாம். பதினாலு மாசம். மாப்பிள்ளை டப்புலயே இருக்கு. பதினோரு அங்குலம், திரும்பணும்னா உடம்ப வளைச்சுத்தான் திரும்பணும். வால் ஓரம் கிழிஞ்சுபோச்சு. நாலு நாளா எதுவும் தின்னல, ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது. பையன் ஊர்லேருந்து போன்ல, "குளத்துல கொண்டு போய் விட்டுடுங்கப்பா"ங்கறான். இந்தம்மா போன வாரம் கண்டிப்பாவே சொல்லிட்டாங்க, "இன்னும் ஒரு வாரம் போனா பிழைக்காது. தொட்டி வாங்குங்க, இல்ல எங்கிட்ட குடுத்துடுங்க"ன்னு.

நேத்து சாயங்காலம் வந்தேன். இது நிக்குது.

கறுப்பு. ஆறு காலு. திருகு.

எண்ணிப் பாத்தேன் டாக்டர், ரெண்டு தடவை. அப்பவே எடுத்து வைங்கம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னேனா? இல்ல. வீட்டுக்குப் போய் இடத்த அளந்துட்டு வர்றேன்னு போனேன். அளந்தேன். மறுபடி அளந்தேன். காலையில வந்தா நீங்க டேப்போட உக்காந்திருக்கீங்க.

அதனாலதான் அத்தனையும் சொன்னேன். வெல்டிங்ல ஒரு குறையும் இல்ல. தடவிப் பாருங்க, முழுசா ஓட்டியிருக்கான். உள்ள துரு கிடையாது, நேத்தே நகத்தால சுரண்டிப் பாத்தாச்சு. நடு காலு ரெண்டும்தான் இதுக்கு உயிரே. நீங்க கேட்டுட்டு வந்தவரு, நீங்கதான் முதல்ல. எடுத்துக்குங்க. இல்ல, நிஜமாத்தான். உங்க பேஷன்ட்டுங்க பாக்கட்டும். நான் நாளைக்கே அந்தப் பழுப்ப வாங்கிக்கறேன். மாப்பிள்ளைக்குக் கலரா தெரியப் போகுது.

ஆனா ஒண்ணு, எடுக்கறதுன்னா ஒழுங்கா வைக்கத் தெரிஞ்சுக்கிட்டு எடுங்க. இருங்க, காட்டறேன். கொஞ்சம் நகருங்க, நான் குனியணும். இந்த முட்டி இருக்கே... ஆங். இதோ பாருங்க, இந்தத் திருகு. முதல்ல ஆறையும் அடிவரைக்கும் ஏத்திடுங்க. ரசமட்டம் வச்சுட்டு எந்தப் பக்கம் பள்ளமோ அந்தக் கால மட்டும் இறக்குங்க, கால் கால் சுத்தா. அவசரப்படக் கூடாது. மேல தெர்மோகோல் ஷீட்டு விரிச்சுத்தான் தொட்டி. தண்ணி ஊத்தறப்ப ஒரு நாலு விரல் உயரம் ஊத்திட்டு நிறுத்திடுங்க. தண்ணியும் கண்ணாடி ஓரமும் எல்லா மூலையிலயும் ஒரே அளவு நிக்குதான்னு பாருங்க. நிக்கலைன்னா எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டு மறுபடி. சோம்பல் படாதீங்க. என்ன ஆனாலும் பேப்பர் வைக்காதீங்க! அப்புறம் கீழ ஈரம் பட்டா... கேக்கறீங்களா? டாக்டர்? உங்க ஷூ இங்கதானே இருந்துச்சு... டாக்டர்?

கடைக்காரம்மா! கொஞ்சம் கை குடுங்க, எந்திரிச்சுக்கறேன். எங்க அவரு? ...போயிட்டாரா? எப்ப? நான் அடியில போனதுமா?

ம். ஓடிட்டாரு. அவரு மேல தப்பில்லம்மா, நானா இருந்தாலும் ஓடியிருப்பேன். ...என்னது? என்ன சொல்லிட்டுப் போனாரு? ...தனக்கு ஒண்ணு புதுசா செய்யச் சொல்லிட்டாரா? மூணு வாரம் ஆகும்னு சொன்னீங்களா? ...சரின்னுட்டாரா. இத யாருக்குக் குடுக்கச் சொன்னாரு? ...நிஜமா அவரே சொன்னாரா, இல்ல நீங்களா சேத்துச் சொல்றீங்களா?

அம்மா, நான் உங்ககிட்டயும் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு என் பையில... ...கேட்டுட்டீங்களா? எல்லாத்தையுமா? அங்கேருந்து கேக்குதா? ...அப்பவே தெரியுமா! அன்னிக்கே? எப்படிம்மா... ...பை நனைஞ்சிருந்துச்சா. சட்டையில மை ஊறியிருந்துச்சா. அப்புறம் ஏம்மா இத்தனை நாள் ஒண்ணும் கேக்கல? ...சரி. சரிம்மா. கண்ணத் துடைச்சுக்கறேன், ஒண்ணுமில்ல, குனிஞ்சதுல தண்ணி வந்துடுச்சு.

எழுதிக்குங்க. ஸ்டாண்டு இது. தொட்டி அதே அளவு, ஒட்டு நல்லாப் பாத்து... இல்ல, நீங்க நல்லாத்தான் ஒட்டுவீங்க. இன்னிக்கே அனுப்பிடுங்க. சாயங்காலத்துக்குள்ள அதுல விட்டுடணும். ரெண்டாவது மாடி. லிஃப்ட் இல்ல, படிதான், திருப்பம் கொஞ்சம் குறுகல். ...உங்க ஆளுங்க ரெண்டு பேர்தானா? தூக்க நாலு பேர் வேணுமா? ஆமா, அறுபத்தஞ்சு கிலோ, கண்ணாடி வேற. வீட்ல எத்தனை பேர் இருக்கீங்கன்னு கேக்கறீங்களா?

ஒருத்தர்னு போட்டுக்குங்கம்மா.